சாலையோரக் கேமரா உயிரைக் காக்குமா?

சாலையோரத்தில் வட்டமான பலகை ஒன்று நிற்கும். வெள்ளை நிறம். சுற்றிலும் சிவப்புக் கோடு. நடுவில் ஓர் எண். 40 என்று இருக்கலாம். 60, 80 என்றும் இருக்கலாம்.

கோலார் தங்கவயலில் சாலைப் பலகைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சிரமம்தான். ஆனால் இந்த வட்டப் பலகைக்கு மொழி தேவை இல்லை. எண் தெரிந்தால் போதும். 40 என்றால் 'அடுத்த ஊர் 40 கிலோமீட்டர்' என்று பொருள் அல்ல. 'மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே' என்று பொருள்.

பலகை சொல்வது சட்டம். ஆனால் எத்தனை வண்டிகள் அதைக் கேட்கின்றன? ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பங்காரப்பேட்டை வரை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். பலகையைக் கண்டு வேகத்தைக் குறைக்கும் வண்டி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதிகம் எண்ண வேண்டி இருக்காது.

அதனால்தான் இப்போது பல சாலைகளில் கேமரா வைக்கிறார்கள். அது வண்டியின் வேகத்தை அளக்கிறது. வேகம் மிஞ்சினால் நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கிறது. அபராதச் சீட்டு வீடு தேடி வருகிறது. "இது உயிரைக் காக்கவா, காசு பிடுங்கவா?" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டும் என்றால், முதலில் வேகம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வேகம் என்ன செய்கிறது?

ஒரு தெரு. வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 15 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறது. ஓட்டுபவர் பார்க்கிறார். கண் பார்த்ததும் கால் பிரேக்கை மிதிக்காது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் நகர வேண்டும். இதற்குச் சுமார் ஒரு நொடி ஆகும். நல்ல ஓட்டுநருக்கும் இதே கணக்குதான்.

அந்த ஒரு நொடியில் வண்டி எவ்வளவு தூரம் ஓடும்? 60 கிலோமீட்டர் வேகத்தில் 17 மீட்டர் ஓடிவிடும். குழந்தை 15 மீட்டரில் இருக்கிறது. அதாவது, பிரேக்கில் கால் படும் முன்பே வண்டி குழந்தை மேல் மோதிவிடும். வேகம் கொஞ்சமும் குறைந்திருக்காது.

அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? முதல் ஒரு நொடியில் 8 மீட்டர் ஓடும். பிரேக் பிடித்த பின் 5 மீட்டர் ஓடி நிற்கும். மொத்தம் 13 மீட்டர். குழந்தைக்கும் வண்டிக்கும் நடுவே 2 மீட்டர் மிச்சம். குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

இது காய்ந்த தார் ரோடு, நல்ல பிரேக், நல்ல டயர் உள்ள வண்டியின் கணக்கு. மழை பெய்தால், டயர் தேய்ந்திருந்தால், தூரம் இன்னும் கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 60 கிலோமீட்டரில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கச் சுமார் 20 மீட்டர் வேண்டும். 30-இல் 5 மீட்டர் போதும். வேகம் இரண்டு மடங்குதான். ஆனால் தூரம் நான்கு மடங்கு. மோதும்போது விழும் அடியும் அப்படித்தான், நான்கு மடங்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஒரு மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 60-இல் மோதினால் நான்கு மாடியிலிருந்து விழுவது போல. 100-இல் மோதினால் பதினொரு மாடி.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசின் கணக்கு. இறந்தவர்களில் 100-க்கு 71 பேர் அதிவேகத்தால் நடந்த விபத்தில் இறந்தவர்கள் என்று அதே கணக்கு சொல்கிறது. இந்த 71-ஐக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விபத்து நடந்ததும் 'அதிவேகம்' என்று எழுதிவிடுவது சுலபம். ரோட்டில் விளக்கு இல்லை, குழி இருந்தது, வளைவு சரியில்லை என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடும். அப்படியே ஆனாலும், மேலே பார்த்த கணக்கு மாறாது. காரணம் எதுவாக இருந்தாலும், மோதும்போது வேகம் குறைவாக இருந்தால் பிழைக்க வழி உண்டு.

சுரங்கத்தில் வேகக் கட்டுப்பாடு

வேகத்துக்கு எல்லை வைப்பது தங்கவயலுக்குப் புதிது அல்ல. தார் ரோட்டில் கார் ஓடும் காலத்துக்கு முன்பே இங்கே அது பழக்கம். ரோட்டில் அல்ல, பூமிக்கு அடியில்.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. வேலைக்குப் போகிறவர்கள் இரும்புக் கூண்டில் ஏறி உள்ளே இறங்குவார்கள். மேலே எஞ்சின் வீட்டில் இருப்பவர் கம்பி வடத்தை இறக்குவார். அவரால் கூண்டைப் பார்க்க முடியாது. மணி அடிக்கும் எண்ணிக்கையையும், ஆழம் காட்டும் முள்ளையும் வைத்தே ஓட்டுவார்.

கல்லை ஏற்றும்போது ஒரு வேகம். மனிதர் ஏறியிருக்கும்போது அதைவிடக் குறைந்த வேகம். சுரங்க விதிப்படி இப்படித்தான் ஓட்ட வேண்டும். விதியை எழுதி ஒட்டிவிட்டு அதோடு விட்டுவிடவில்லை. எஞ்சினோடு ஒரு கருவி இணைந்திருக்கும். வேகம் எல்லை மீறினால் அந்தக் கருவி தானாகவே எஞ்சினை நிறுத்திப் பிரேக் போடும். எஞ்சின் ஓட்டுபவர் பல வருட அனுபவம் உள்ளவர்தான். அவர் கை தவறாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கருவி இருந்தது. கூண்டில் இருப்பது முப்பது நாற்பது உயிர் அல்லவா?

ஆக, சுரங்கத்தில் மூன்று இருந்தன. வேகத்துக்கு ஓர் எல்லை. அதைக் கண்காணிக்க ஒரு கருவி. மீறினால் உடனே பிரேக். சாலையில் பல காலமாக இருந்தது முதலாவது மட்டும்தான். வெறும் பலகை. கேமரா வந்ததும் இரண்டாவதும் வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் ஓட்டுபவரின் காலடியில்தான் இருக்கிறது. கேமரா படம்தான் பிடிக்கும், பிரேக் பிடிக்காது.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. அதன் பிறகு தங்கவயல் மக்கள் பிழைப்புக்காகப் பெங்களூருக்குப் போய் வரத் தொடங்கினார்கள். மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியற்காலையில் ரயில் ஏறுகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ரயிலைப் பிடிக்க முடியாதவர்கள் ரோட்டில் போகிறார்கள். அதனால் சாலை இவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை.

புதிய சாலை

தங்கவயலுக்குப் பக்கத்திலேயே இப்போது ஒரு பெரிய சாலை வந்திருக்கிறது. பெங்களூர் - சென்னை விரைவுச்சாலை. பெங்களூருக்கு அருகே ஓசக்கோட்டையில் தொடங்கி, சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் முடியும்படி போட்ட திட்டம். நீளம் சுமார் 260 கிலோமீட்டர். மாலூர், பங்காரப்பேட்டை, பேத்தமங்கலம் பக்கமாகப் போகிறது. கர்நாடகத்துக்குள் உள்ள பகுதியில் 2024 டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு என்றே போட்ட சாலை அது.

அங்கே இரு சக்கர வண்டி ஓட்டக் கூடாது. ஆனால் திறந்த புதிதில் மோட்டார் சைக்கிள்களும் ஏறின. காலியான, வழுவழுப்பான ரோடு. யாருக்குத்தான் ஆசை வராது? விபத்துகள் நடந்தன. உயிர்கள் போயின.

இந்தச் சாலைக்கு வயது குறைவு. வேகத்தைக் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் இதே கர்நாடகத்தில், இதற்கு ஒன்றே முக்கால் வருடம் முன்னால், இதே போன்ற இன்னொரு சாலை திறந்தது. அங்கே நடந்தது பாடமாக இருக்கிறது.

மைசூர் சாலையில் நடந்தது

பெங்களூர் - மைசூர் நெடுஞ்சாலை 2023 மார்ச் 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. சுமார் 119 கிலோமீட்டர். மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆனது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். கூடவே சாவும் வந்தது. கார்கள் 140, 150 என்று பறந்தன. அதே ரோட்டில் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் டிராக்டரும் போயின. ஒன்று பறக்கிறது, ஒன்று ஊர்கிறது. பின்னால் வருபவருக்கு முன்னால் போவது ஊர்கிறது என்று தெரிவதற்குள் மோதல்.

2023-இல் மட்டும் அந்தச் சாலையில் 188 பேர் இறந்தார்கள். இது போலீஸ் கணக்கு.

அரசு விழித்துக்கொண்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர் எல்லாம் நடுச்சாலையில் போகக் கூடாது, பக்கச் சாலையில்தான் போக வேண்டும் என்று தடை வந்தது. கார்களுக்கு 100 கிலோமீட்டர் என்று எல்லை வைத்தார்கள். போலீசார் கையில் வேகம் அளக்கும் கருவியோடு நின்றார்கள். பிறகு நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கேமராக்கள் வந்தன. 2024 ஆகஸ்ட் 1 முதல் கர்நாடகத்தில் எந்தச் சாலையிலும் 130-க்கு மேல் ஓட்டினால் அபராதத்தோடு போகாது, வழக்கே பதிவாகும் என்று போலீஸ் அறிவித்தது.

2024-இல் அந்தச் சாலையில் இறந்தவர்கள் 50 பேர்.

188 எங்கே, 50 எங்கே! ஒரே வருடத்தில் 138 சாவு குறைந்தது. 138 வீடுகளில் ஒப்பாரி இல்லை.

இதைக் கேமராவின் வெற்றி என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அங்கே பல வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தன. சிறிய வண்டிகளை விலக்கியது ஒன்று. போலீஸ் காவல் ஒன்று. கேமரா ஒன்று. வழக்குப் பயம் ஒன்று. எதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாது. மருந்து நான்கு சாப்பிட்டு ஜுரம் இறங்கினால், எந்த மாத்திரை வேலை செய்தது என்று யார் சொல்வது? ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. வேகப் பலகை அங்கே முதலிலும் இருந்தது. அதை யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் கால்கள் ஆக்சிலேட்டரை விட்டன.

மற்ற நாடுகளின் அனுபவம்

இந்தக் கேமராவுக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் மோரிஸ் காட்சோனிடெஸ். ஹாலந்து நாட்டுக்காரர். அவர் போலீஸ் அல்ல. கார் பந்தய வீரர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து, இன்னும் வேகமாக ஓட்டப் பழகுவதற்காக ஒரு கருவி செய்தார். அதிலிருந்து பிறந்ததுதான் வேகக்காரர்களைப் பிடிக்கும் கேமரா.

பிறகு பல நாடுகள் அதைச் சாலையில் வைத்தன. கேமரா வைப்பதற்கு முன்பும் பின்பும் நடந்த விபத்துகளை எண்ணினார்கள். இப்படிப்பட்ட 35 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 2010-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. கேமரா உள்ள இடத்தைச் சுற்றி, சாவும் பலத்த காயமும் தரும் விபத்துகள் 100-க்கு 11 முதல் 44 வரை குறைந்திருந்தன. ஓர் இடத்தில் கொஞ்சம், ஓர் இடத்தில் நிறைய. ஆனால் குறைந்தன.

'கேமரா உள்ள இடத்தைச் சுற்றி' என்பதைக் கவனியுங்கள். கேமரா தெரிந்ததும் பிரேக் போடுவது, கேமராவைத் தாண்டியதும் மீண்டும் பறப்பது, எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம்தான். நம் ஊரில் போலீஸைக் கண்டதும் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுகிறார்களே, அது போல. இதற்கும் ஒரு வழி கண்டார்கள். இரண்டு கேமராக்கள் வைப்பது. நடுவே 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேமராவை எத்தனை மணிக்குக் கடந்தது, இரண்டாவதை எத்தனை மணிக்குக் கடந்தது என்று பார்ப்பது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 கிலோமீட்டர் கடக்க 6 நிமிடம் ஆகும். 4 நிமிடத்தில் வந்துவிட்டால் நடுவே பறந்திருக்கிறது என்று பொருள். இங்கே கேமராவுக்கு முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்து தப்ப முடியாது.

சுவீடன் நாட்டில் கேமராவை ஒளித்து வைப்பதில்லை. முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அபராதம் வாங்குவதைவிட வேகம் குறைந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். நம் நாட்டிலும் 2021-இல் வந்த மத்திய அரசு விதி இதையே சொல்கிறது. கேமரா இருக்கும் இடத்தில் 'கேமரா இருக்கிறது' என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். பலகை வைக்காமல் மரத்துக்குப் பின்னால் கேமராவை மறைத்து வைத்தால், மக்கள் 'காசுக்காக' என்று சொல்வதில் தப்பு இல்லை.

"ரோடு நல்லா இருக்கே!"

"ரோடு நல்லா இருக்கு, வண்டியும் புதுசு. அப்புறம் ஏன் மெதுவா போகணும்?" என்று கேட்கும் ஓட்டுநர்கள் உண்டு. இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது.

2018-இல் மத்திய அரசு வேக எல்லைகளை உயர்த்தியது. விரைவுச்சாலையில் கார் 120 வரை போகலாம், நான்கு வழிச் சாலையில் 100 வரை போகலாம் என்றது. எஞ்சினும் சாலையும் முன்னேறிவிட்டன என்பது அரசின் வாதம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் விபத்தில் சிக்கி உடல் முடங்கிப்போன ஓர் இளம் பெண்ணின் நஷ்ட ஈட்டு வழக்கில்தான் இந்தத் தீர்ப்பு வந்தது. எஞ்சினும் ரோடும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விதியை மதித்து ஓட்டும் பழக்கம் அதோடு சேர்ந்து வளரவில்லை என்று நீதிபதிகள் கருதினார்கள்.

எண்கள் இப்படி ஏறும், இறங்கும். ஓட்டுபவர் அதையெல்லாம் மனப்பாடம் செய்ய முடியாது. அந்தந்தச் சாலையின் பலகையில் உள்ள எண்தான் அங்கே செல்லும்.

கேமரா எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டர்சன்பேட்டையின் குறுகலான தெருவில் கேமரா வைத்து என்ன பயன்? அபராதச் சீட்டு பல நாள் கழித்து வரும். குழந்தை இன்றைக்கு ரோட்டைக் கடக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில், லைன் வீடுகள் இருக்கும் தெருவில், வேகத்தடைதான் உதவும். அது நோட்டீஸ் அனுப்பாது. அந்த இடத்திலேயே வண்டியைத் தூக்கிப்போட்டுச் சொல்லும். ஆனால் வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போட வேண்டும். முன்னால் பலகை வைக்க வேண்டும். முக்கோணப் பலகையில் மேடு போலப் படம் போட்டிருப்பார்கள். இரண்டும் இல்லாத வேகத்தடை இருட்டில் ஆளையே தள்ளிவிடும்.

பெரிய சாலையில் கதை வேறு. அங்கே வேகத்தடை போட முடியாது. இரவும் பகலும் போலீஸ் நிற்கவும் முடியாது. கேமராவுக்குத் தூக்கம் இல்லை, தெரிந்தவர் தெரியாதவர் இல்லை. கை நீட்டிக் காசும் வாங்காது. அங்கே கேமரா வேண்டும்.

தண்டனை தாமதமாக வந்தால் பலிக்காது என்பதற்கும் கர்நாடகத்திலேயே சான்று உண்டு. 2023 பிப்ரவரியில், பாக்கி அபராதத்தில் பாதியைக் கட்டினால் போதும் என்று மாநில அரசு சலுகை தந்தது. மக்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். சில நாட்களில் 100 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அத்தனை பாக்கி! படம் பிடித்தது கேமரா. பணமோ வருடக்கணக்கில் வரவில்லை. 'எப்படியும் தள்ளுபடி வரும்' என்று ஒருவர் நினைத்துவிட்டால், கேமராவும் வெறும் பலகை மாதிரி ஆகிவிடும்.

நோட்டீஸ் வந்தால்

வேக எல்லையை மீறினால், 2019-இல் திருத்திய மத்தியச் சட்டப்படி கார் போன்ற வண்டிக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. லாரி, பஸ் போன்றவற்றுக்கு 2,000 முதல் 4,000 வரை. மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறும்.

நோட்டீஸ் தாளாகவும் வரலாம், போனில் செய்தியாகவும் வரலாம். வந்ததும் பயந்து யாரிடமாவது கொடுத்துவிட வேண்டாம். நீங்களே படியுங்கள். முதலில் வண்டி எண். அது உங்கள் வண்டியின் எண்தானா? ஓர் எழுத்து, ஓர் எண் மாறியிருந்தாலும் அது வேறு வண்டி. தங்கவயலில் பதிவான வண்டிகளில் கே.ஏ. 08 என்று இருக்கும். அடுத்து தேதி, நேரம், இடம். அன்றைக்கு அந்த இடத்தில் உங்கள் வண்டி போனதா? பிறகு படம். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறதா? கருவி அளந்த வேகம் எவ்வளவு? எந்தச் சட்டப் பிரிவு? இத்தனையும் நோட்டீஸில் இருக்க வேண்டும் என்று 2021 விதி சொல்கிறது.

தப்பாக வந்திருந்தால் மறுக்கலாம். போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது நோட்டீஸின் நகல் ஒன்றும் ஆர்.சி. புத்தகத்தின் நகல் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் 'அபராதம் கட்ட இங்கே தொடு' என்று வரும் செய்திகளில் மோசடியும் உண்டு. தொட்டால் வங்கிப் பணம் போய்விடும். சந்தேகம் இருந்தால் வண்டி எண்ணைச் சொல்லிப் போலீஸ் நிலையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.